வேருக்கு உறவான பங்கசு

முகத்துவாரத்திலே களனி கங்கை கடலோடு கலக்கின்றது. மலைநாட்டில் பெருமழை பொழியும் நாட்களில், அங்கே ஆற்றுநீர் செந்நிறங் கொண்டு கடலினுட் பரவுவதைக் கரையில் நிற்போர் காணலாம். அது வெறுஞ் சேறன்று. மலைச்சரிவுகளும் தோட்டங்களும் இழந்துவிட்ட மேல்மண். அம்மண்ணோடு பயிருக்கு வேண்டிய பொசுபரசும் கடலைச் சேர்கின்றது. இவ்விழப்பை ஓரளவு தடுக்கவல்ல நுண்ணுயிர் ஒன்று மண்ணிலேயே வாழ்கின்றது. அதுவே வேர்ப்பங்கசு.

பங்கசு என்றதும் இலங்கையர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. 1869ஆம் ஆண்டில் இங்கே தோன்றிய துருநோய்ப் பங்கசு கோப்பித் தோட்டங்களைப் பாழாக்கிற்று. அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஆயினும், பங்கசுகள் யாவும் பகையல்ல. மரவேரோடு கூடி வாழும் பங்கசுக்களை ஆராய்ந்த ஜேர்மனிய அறிஞர் பிராங்க், 1885இல் அக்கூட்டுறவுக்குப் பெயரிட்டார். பின்னர், தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப்பார்த்த சேர் அல்பேட் ஹவாட், 1940இல் வெளியிட்ட நூலில், தேயிலையின் நலத்துக்கும் வேர்ப்பங்கசுக்கும் உள்ள தொடர்பை வற்புறுத்தினார்.

இக்கூட்டுறவு ஒரு பண்டமாற்றுப் போன்றது. பொசுபரசு மண்ணில் எளிதில் நகர்வதில்லை. வேரானது தன்னை அடுத்துள்ள ஓரிரு மில்லிமீற்றர் தூரத்துப் பொசுபரசை உறிஞ்சியபின், அப்பால் உள்ளது அதற்கு எட்டாக்கனியே. பங்கசின் இழைகளோ வேர்மயிரினும் நுண்ணியவை. பல சென்ரிமீற்றர் தூரம் பரந்து, மண்துகள்களின் இடுக்குகளிற் புகுந்து, பொசுபரசையும் நாகத்தையும் கொணர்ந்து வேருக்கு அளிக்கின்றன. கைம்மாறாகச் செடி தான் இலையிலே ஆக்கிய உணவில் ஒரு பங்கைக் கொடுக்கின்றது. அவ்விழைகள் மண்துகள்களைப் பிணைப்பதால் மழைநீர் மண்ணை எளிதில் அரித்துச் செல்வதும் குறைகின்றது.

நோயெதிர்ப்பிலும் இதற்குப் பங்குண்டு. பங்கசு வேரினுட் குடியேறும்போது செடியின் தற்காப்பு விழிப்படைகின்றது. இதனால் வேரழுகலும் வட்டப்புழுக்களும் விளைக்குந் தீங்கு பலவிடத்துத் தணிகின்றது. எனினும் இது எல்லா நோய்க்கும் மருந்தன்று.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது, விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. மண்ணைப் பக்குவப்படுத்தாமல் பசளையைத் திடீரென நிறுத்துதல் ஆகாதென்பதை அது உணர்த்திற்று. பங்கசு பொசுபரசைப் படைப்பதில்லை. உள்ளதைத் தேடித் தருவதே அதன் பணி. எனினும் பொசுபரசுப் பசளையை மிகுதியாக இடின் செடி அதன் துணையை நாடாது.

வேர்ப்பங்கசு உயிருள்ள வேரின்றிப் பெருகாது. ஆகவே சோளம் முதலிய செடிகளின் வேரில் அதனை வளர்த்து, அவ்வேரையும் மண்ணையும் வித்தாகப் பயன்படுத்துவர். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு சதுர மீற்றர் நாற்றுமேடைக்கு 100 கிராம் வித்தினை, விதைக்குங்கால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் இடுமாறு பரிந்துரைக்கின்றது. வெங்காயம், மிளகாய், தக்காளி ஆகியன இதனாற் பயன்பெறுவன. கோவா, முள்ளங்கி, கடுகு ஆகியவற்றின் வேர்கள் இதனோடு உறவாடா.

வித்து வாங்கியிடாதவரும் உள்ளதைப் பேணலாம். மண்ணை அடிக்கடி ஆழக் கொத்தாமலும், வெறுமையாகக் கிடக்கவிடாமலும், பங்கசுகொல்லிகளைக் கண்டபடி ஊற்றாமலும் இருந்தால் அது தானே நிலைக்கும். முகத்துவாரத்து முற்றத்தில் மிளகாய்ச் சட்டி வைத்திருப்பவர்க்கும், மலைநாட்டில் தேயிலை வளர்ப்பவர்க்கும் இஃது ஒக்கும். மேலே மண் காக்கப்படின், கீழே ஆறும் தெளிந்தோடும்.