வேக வண்டிக்குத் தக்க பிரேக் எது?

அபுதாபி மாநிலத்து அல்ஐன் நகரருகே ஜபல் ஹஃபீத் என்னும் மலை ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஓங்கி நிற்கிறது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வளைந்து ஏறும் அதன் சாலை, வேகக் கார் வைத்திருப்போரை ஈர்க்கும் இடம். என் தமக்கை மகன் சென்ற கோடையில் மனைவி, குழந்தையுடன் அம்மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் மிதி மெத்தென்று தரைவரை அமிழ்ந்துவிட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, வண்டியை ஓரத்தில் நிறுத்தினான்.

"துளையிட்ட புது டிஸ்க் மாட்டியிருந்தேனே மாமா, பின் ஏன் இப்படி?" என்று தொலைபேசியில் வினவினான். கலைப் பட்டதாரியான நான் துறை அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

சூடுதான் பகை

ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் பணி. வேகம் இருமடங்கானால் அவ்வாற்றல் நான்கு மடங்காகும். மலையிறக்கத்திலோ, பிரேக் ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடும். எனவே, எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதே முதற் கேள்வி.

டிஸ்க்

சூட்டை ஏற்பது இரும்பின் எடை, ஆற்றுவது காற்று. நடுவே காற்றுவழி கொண்ட தரமான வார்ப்பிரும்பு டிஸ்க்கே சாலைக்குப் போதும். முற்காலப் பேடுகள் சூடேறியபோது கிளம்பிய வாயு வெளியேறத் துளைகள் உதவின. இன்றைய பேடுகளில் அவ்வாயு மிகக் குறைவு. துளையிட்டால் எடை குறைகிறது. கடுஞ்சூட்டில் துளையோரம் விரிசலும் விடலாம். வரிப்பள்ளமிட்ட டிஸ்க் பேடின் முகத்தைத் துடைத்துத் தரும். ஆனால் பேடை விரைவில் தேய்க்கும். பெரிய டிஸ்க் மிகுந்த சூட்டைத் தாங்கும். எனினும் ஒருமுறை நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டயரின் பிடிப்பே.

பேட்

பந்தயப் பேட் சூடேறிய பின்னரே நன்கு பிடிக்கும். வண்டியை எடுத்த சில நிமிடங்களில், குளிர்ந்த பிரேக்குடன் செல்கையில், தெருவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால் என்னாகும்? ஆதலால், குளிரிலும் பிடித்து மிகுசூட்டிலும் சோராத, சாலைக்கென்றே செய்த பேடைத் தேர்ந்தெடுங்கள். பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரண நிலையிலும், இரண்டாவது மிகுசூட்டிலும் உராய்வைக் காட்டும். 'எஃப்' எனில் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' எனில் 0.45 முதல் 0.55 வரை. முதலெழுத்து 'ஜி'யாகவும் அடுத்தது 'எஃப்'ஆகவும் இருந்தால், சூட்டில் பிடிப்புக் குறையும் என அறிக.

புதிய பேடைப் பழக்குவதும் அவசியம். வெறிச்சோடிய சாலையில், முற்றும் நிறுத்தாமல் பலமுறை வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட வேண்டும். தயாரிப்பாளர் தரும் முறையையே பின்பற்றுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி

பணிமனையில் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. என் மருமகனின் வண்டியில் பிரேக் ஆயில் பல ஆண்டுகளாக மாற்றப்படவேயில்லை! அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. 'டாட் 4' ஆயிலின் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியசுக்குக் குறையாது. ஈரமேறினால் 155 வரை இறங்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், ஆவி அமுங்கும், மிதி தாழ்ந்துவிடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது.

ஆகவே முதலில் ஆயில், அடுத்து பேட், பிறகே டிஸ்க் எனச் செலவிடுங்கள். சக்கரத்தின் இடுக்கில் மின்னும் துளைகளைப் பார்ப்பவர் தெருவில் நிற்பவர். பிரேக்கை நம்பி அமர்ந்திருப்பதோ பின்னிருக்கையில் உறங்கும் உங்கள் குழந்தை!