கதிர்வீச்சால் ஒட்டுக்கட்டிய பாலிமர்

பெரம்பலூர், அரியலூர் கரிசல் காடுகளில் விளையும் பருத்தியும், அறுவைச் சிகிச்சையில் தைக்கும் பாலிபுரோப்பிலீன் நூலும் வேதியியல் கணக்கில் ஒரே இனம். இரண்டுமே நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பாலிமர்கள். ஆனால் மருந்தைப் பிடித்துவைக்க இரண்டுக்கும் தெரியாது. பருத்தி உறிஞ்சிய மருந்து சீக்கிரமே கழுவிப் போய்விடும். பாலிபுரோப்பிலீனில் தண்ணீரே ஒட்டாது. உள்ளிருக்கும் வலிமையைக் கெடுக்காமல் மேற்பரப்பை மட்டும் மாற்றும் வழிதான் கதிர்வீச்சு ஒட்டுமுறை.

இதற்குப் பெரும்பாலும் கோபால்ட்-60 தரும் காமாக் கதிர்களோ எலக்ட்ரான் கற்றையோ பயன்படும். கதிர் பட்ட சங்கிலியில் சில பிணைப்புகள் முறிந்து, இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்புகள் உண்டாகின்றன. அருகில் அக்ரிலிக் அமிலம் போன்ற மோனோமர், அதாவது சங்கிலியாகக் கோக்கும் சிறு மூலக்கூறு, இருந்தால், அது அந்த இடத்தில் பற்றிக்கொண்டு புதுச் சங்கிலியாக வளரும். நாட்டு மாங்கன்றின் தண்டில் வேறு ரகத்தை ஒட்டுக்கட்டுவது போன்றதே இது. வினையைத் தொடங்கத் தனி வேதிப்பொருள் தேவையில்லை. காமாக் கதிர் பட்ட பாலிமர் கதிரியக்கப் பொருளாகவும் மாறிவிடாது.

மருந்து எப்போது வெளியேறும் என்பதை ஒட்டிய சங்கிலியே முடிவு செய்கிறது. அக்ரிலிக் அமிலச் சங்கிலிகள் இரைப்பையின் அமிலத்தில் சுருங்கிக் கிடக்கும். குடலில் அமிலம் குறைந்ததும் மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று விலக்கி உப்பி, மருந்தை விடும். நேர்மின்னூட்டமுள்ள மருந்துகளை இதே அமிலத் தொகுதிகள் பிடித்துவைக்கவும் செய்யும். ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு சங்கிலியோ வெப்பத்துக்கு இசையும்: சுமார் 32 டிகிரி செல்சியசுக்குக் கீழே நீரில் உப்பும், மேலே சுருங்கும்.

மும்பை டிராம்பேயில் 1974-இல் தொடங்கிய ஐசோமெட் நிலையம் ஒட்டுமுறைக்கு உதவும் அதே காமாக் கதிரால் மருத்துவப் பொருள்களைக் கிருமிநீக்கம் செய்கிறது. இதற்கு வழக்கமான கதிர்வீச்சு அளவு 25 கிலோகிரே. பாபா அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள், நேர்மின்னூட்டமுள்ள அம்மோனியச் சங்கிலிகளைப் பருத்தித் துணியில் ஒட்டி, பாக்டீரியாவை எதிர்க்கும் துணியை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். தீக்காயத்துக்கான, நீரைத் தாங்கும் ஹைட்ரஜெல் கட்டும் அங்கு உருவானதே. அதில் சங்கிலிகள் குறுக்காகப் பிணைவதும் கிருமி அழிவதும் ஒரே கதிர்வீச்சில் முடிகின்றன.

கதிர்வீச்சு அளவு மீறினால் பாலிபுரோப்பிலீன் நொறுங்கும்; பருத்தியின் செல்லுலோஸ் வலுவிழக்கும். வினையில் சேராத மோனோமர் உடலுக்குத் தீங்கானது என்பதால் அதை முழுமையாகக் கழுவி நீக்க வேண்டும். கதிர் மருந்தையும் சிதைக்கக்கூடும். ஆகவே ஒட்டுவேலை முடிந்த பிறகே மருந்தை ஏற்றுவது வழக்கம்.