பால் கொள்முதல்: தரமும் நியாய விலையும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்ததும் அமைந்துள்ள ஊர் கோவிந்தாபுரம். இது கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இப்பகுதியில், கேரளத்தின் பிற பகுதிகளைவிட மழை குறைவு. மழை பொய்த்தால் சாகுபடி பொய்க்கும். ஆனால் ஓரிரு கறவை மாடுகள் வைத்திருக்கும் குடும்பத்திற்குக் காலையும் மாலையும் பாலின் வழியாக வருவாய் கிடைக்கிறது. சித்தூர் வட்டாரம் கேரளத்தின் முதன்மையான பால் உற்பத்திப் பகுதிகளுள் ஒன்றாக விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1950-51இல் இந்தியாவின் ஆண்டுப் பால் உற்பத்தி ஏறத்தாழ 1.7 கோடி டன். 2023-24இல் அது 23.9 கோடி டன்னை எட்டியது. இப்பெருக்கத்தில் பெரும்பங்கு சிறு உற்பத்தியாளர்களுடையது. எனினும், நாளொன்றுக்குச் சில லிட்டர் பால் ஊற்றும் ஒருவருக்கு நாட்டின் மொத்த உற்பத்தியைவிட முக்கியமான வினா ஒன்று உண்டு: ‘என் பாலுக்கு உரிய விலை கிடைக்கிறதா?’ இதற்கான விடை தொழுவத்திலும், கொள்முதல் நிலையத்திலும், குளிரூட்டும் கலத்திலும் அடங்கியுள்ளது.

கொள்முதல் அமைப்பு

1946இல் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் தோன்றிய கூட்டுறவு முறையே பின்னர் ‘ஆனந்த் முறை’ எனப் பெயர் பெற்றது. 1965இல் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் அமைந்தது. 1970இல் தொடங்கிய வெண்மைப் பெருக்குத் திட்டம் 1996வரை மூன்று கட்டங்களாக நடைபெற்றது. அதன் வழியில் 1980இல் ‘மில்மா’ என வழங்கும் கேரளக் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பு உருவாயிற்று. கிராமத்தில் சங்கம், மண்டலத்தில் ஒன்றியம், மாநிலத்தில் கூட்டமைப்பு என்பது இதன் மூன்றடுக்கு அமைப்பு. பாலக்காடு மாவட்டம் மலபார் மண்டல ஒன்றியத்தின்கீழ் வருகிறது.

உற்பத்திப் பெருக்கத்திற்கு மற்றொரு காரணம் இன மேம்பாடு. இடுக்கி மாவட்டத்தின் மாட்டுப்பட்டியில் 1963இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் வாயிலாகப் பிரவுன் சுவிஸ் காளைகளை உள்ளூர்ப் பசுக்களோடு இணைத்து ‘சுனந்தினி’ என்னும் கலப்பினம் உருவாக்கப்பட்டது. கலப்பினப் பசு நாட்டுப் பசுவைவிடக் கூடுதலாகப் பால் தரும். அதற்கேற்பத் தீவனமும் பராமரிப்பும் கூடுதலாக வேண்டும்.

இரு அளவுகோல்கள்

பாலில் பெரும்பகுதி நீரே. எஞ்சியவற்றுள் ஒன்று கொழுப்பு. மற்றொன்று புரதம், சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவை சேர்ந்த திடச்சத்து. இப்பின்னதைச் சங்கங்களில் எஸ்.என்.எப். என்றே குறிப்பிடுவர். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பசும்பாலில் கொழுப்பு குறைந்தது 3.2 விழுக்காடும், எஸ்.என்.எப். குறைந்தது 8.3 விழுக்காடும் இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டையும் அளப்பது ஏன்? கொழுப்பு 4 விழுக்காடும் எஸ்.என்.எப். 8.5 விழுக்காடும் உள்ள 10 கிலோ பாலில் 1 கிலோ நீர் கலந்ததாகக் கொள்வோம். கொழுப்பு ஏறத்தாழ 3.6 ஆகக் குறையும். ஆயினும் வரம்பிற்கு மேலேயே நிற்கும். எஸ்.என்.எப். 7.7 ஆகிவிடும், கலப்படம் வெளிப்படும். கொழுப்பை மட்டும் அளந்தால் இப்பால் தேறிவிடும்.

பால்மானியை மட்டும் நம்புவதும் போதாது. கொழுப்பு நீரைவிட இலேசானது. ஆகவே ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி உயரும். பிறகு அளவோடு நீர் சேர்த்தால் பால்மானி பழைய அளவையே காட்டும். எனவே, கொழுப்பு, எஸ்.என்.எப். ஆகிய இரண்டையும் அளந்து, அவற்றின் எடைக்கேற்ப விலை தரும் இரட்டை அளவுகோல் முறை ஏற்பட்டது. இம்முறையில் கலந்த நீருக்கு விலை இல்லை. நல்ல பாலுக்கு உரிய மதிப்பு உண்டு.

குறைந்த எஸ்.என்.எப். என்றால் கலப்படமா?

நடைமுறையில் பெரும் மனக்கசப்பு எழுவது இங்குதான். ஒரு துளி நீரும் கலக்காதவரின் பாலிலும் எஸ்.என்.எப். 8.3க்குக் கீழே இறங்குவது உண்டு. கோடையில் பசுந்தீவனம் கிடைக்காமல் வைக்கோலை மட்டும் தின்னும் மாடு, கடும் வெப்பத்தால் தீவனம் எடுக்காத மாடு, மடிநோய் கண்ட மாடு ஆகியவற்றின் பாலில் திடச்சத்து குறையும். கொழுப்பிற்கும் இதுபோன்ற காரணங்கள் உண்டு. கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு குறைவு. இறுதியில் வரும் பாலில் மிகுதி. கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டால் சங்கத்திற்கு வருவது கொழுப்பு குறைந்த பாலே.

எனவே, எண் குறைந்தவுடன் உற்பத்தியாளரைக் குற்றவாளியாகக் கருதுவது முறையாகாது. ஐயம் ஏற்படின், சங்க ஊழியர் தொழுவத்திற்கே சென்று, தம் முன்னிலையில் முழுமையாகக் கறந்த பாலிலிருந்து மாதிரி எடுத்து ஒப்பிடலாம். அம்மாதிரியிலும் எஸ்.என்.எப். குறைவாயிருந்தால் தேவைப்படுவது தண்டனையன்று. தாது உப்புக் கலவை, சமச்சீர்த் தீவனம், கால்நடை மருத்துவரின் கவனிப்பு ஆகியவையே. ஆய்வகத்தில் உறைநிலையை அளந்தும் உண்மை அறியலாம். பால் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே உறையும். நீர் சேரச் சேர உறைநிலை 0 டிகிரியை நெருங்கும்.

தொழுவம் முதல் குளிரூட்டும் கலம் வரை

கறந்தவுடன் பாலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு இது ஏற்ற சூழல். பாலில் இயற்கையாக உள்ள எதிர்ப்புப் பொருள்கள் அவற்றைச் சிறிது நேரமே தடுத்து நிறுத்தும். அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை அவை இரட்டிப்பதாகக் கொண்டால், ஐந்து மணி நேரத்தில் ஆயிரம் மடங்கிற்கு மேல் பெருகிவிடும். பால் புளிப்பதும், காய்ச்சும்போது திரிவதும் இதன் விளைவே. விரைவில் 4 டிகிரிக்குக் குளிரவைத்தால் இப்பெருக்கம் வெகுவாகத் தடைபடும். ஆனால் குளிர், கெட்ட பாலை நல்ல பாலாக்காது. நல்ல பாலைக் காக்க மட்டுமே வல்லது.

ஆதலின், காப்புப் பணி கறவைக்கு முன்பே தொடங்குகிறது. மடியைக் கழுவித் துணியால் துடைத்தல், முதல் சில பீச்சுகளைத் தனியே எடுத்துச் சோதித்தல், மூடியுள்ள எவர்சில்வர்ப் பாத்திரத்தில் கறத்தல், உடனே சங்கத்திற்குக் கொண்டு சேர்த்தல் ஆகியவை செலவு மிகாத வழிகள். மருந்து செலுத்திய மாட்டின் பாலை, அம்மருந்திற்குரிய காலம் கழியும்வரை ஊற்றக்கூடாது. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கையும் தவிர்த்தல் வேண்டும்; அதிலுள்ள அப்லடாக்சின் நஞ்சு வேறு வடிவில் பாலிலும் இறங்கும். இதன் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்.

முன்பு கேன்களில் பல மணி நேரம் பயணம் செய்த பால், தொகுப்புக் குளிர்விப்பு நிலையங்கள் உள்ள ஊர்களில் இன்று அங்கேயே குளிரவைக்கப்படுகிறது. இதில் பொறுப்பும் கூடுகிறது: ஒருவரின் கெட்டுப்போன பால் கலத்தில் சேர்ந்தால் அனைவரின் பாலும் கெடும். மின்சாரம் தடைப்படும் ஊர்களில் ஜெனரேட்டர் இல்லாத குளிரூட்டும் கலம் முழுப்பயன் தராது.

எல்லைப்புறத்திற்கு உரிய கவனம்

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்திற்குள் வரும் பாலைச் சோதிக்க, இவ்வட்டாரத்திலுள்ள மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வள மேம்பாட்டுத் துறையின் சோதனைச் சாவடி இயங்குகிறது. லாரியில் வரும் பாலுக்குச் சோதனை வேண்டியதைப் போலவே, தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் சங்கத்திற்கு வரும் பாலுக்கும் நேர்மையான அளவை வேண்டும்.

அதற்கான நடைமுறைகள் எளியவை. பாலை நன்கு கலக்கிய பின்னரே மாதிரி எடுத்தல். ஊற்றுபவர் காணும்படி அளத்தல். சோதனைக் கருவியை நாள்தோறும் கழுவி, உரிய காலத்தில் சரிபார்த்தல். அளவு, கொழுப்பு, எஸ்.என்.எப்., விலை ஆகிய நான்கையும் குறித்த சீட்டை அவருக்குப் புரியும் மொழியில் தருதல் ஆகியவை அவை. எடையில் வாங்கி லிட்டரில் கணக்கிடும் இடங்களில், ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ என்பதையும் விளக்குதல் நலம்.

சோதனையே இன்றிக் கைமேல் பணம் தரும் வியாபாரியிடம் சிறு உற்பத்தியாளர் ஈர்க்கப்படுவது இயல்பு. சங்கம் அவரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமாயின், சட்டத்தையோ உறுப்பினர் கடமையையோ எடுத்துக்காட்டுவது மட்டும் போதாது. தம் பால் சரியாக அளக்கப்படுகிறது, குறை நேர்ந்தால் காரணம் சொல்லப்படுகிறது, தீவனமும் மருத்துவ உதவியும் வந்து சேர்கின்றன என்னும் நம்பிக்கை அவருக்கு ஏற்படவேண்டும். கால்நடை, பால்வளத் துறைகளின் கள அலுவலர்கள் தொழுவத்திற்கும் சங்கத்திற்கும் இடையே வளர்க்கவேண்டியது இந்நம்பிக்கையே.