மதில் கட்டிய கையும் அபராதம் விதித்த கையும்

பவானி நதி மேட்டுப்பாளையத்தைக் கடந்து சிறுமுகையைத் தொடும் இடத்தில், மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் பஞ்சு செய்த பெரிய ஆலையொன்று நெடுங்காலம் இயங்கிவந்தது. சவுத் இந்தியா விஸ்கோஸ் என்னும் அந்த ஸ்தாபனத்தின் கழிவு நதியைக் கெடுத்ததும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மூடப்பட்டதும் கொங்கு நாட்டார் மறவாத விஷயங்கள். ஆலை மூடியதற்காக நான் வருந்தவில்லை. நதிக்கு நேர்ந்த தீங்கு அத்தகையது. ஆயினும், நூற்பாலைக்காரர்கள் உள்நாட்டில் விஸ்கோஸ் பஞ்சு வாங்கப் போகக்கூடிய வாசல்களில் ஒன்று அன்று அடைபட்டது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1888-இல் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் முதல் மில்லைத் தொடங்கிய காலந்தொட்டு இப்பிரதேசத்துக்குப் பழக்கமான பண்டம் பருத்தி. பருத்தி வாங்குகிறவருக்கு எண்ணற்ற விவசாயிகளும் ஜின்னிங் ஆலைகளும் உண்டு. ஓரிடத்தில் விலை ஒத்துவராவிட்டால் வேறிடம் போகலாம். ஈரோட்டிலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகளில் ஓடும் ரேயான் துணிக்கு மூலமான விஸ்கோஸ் பஞ்சின் கதை வேறு. அதை உள்நாட்டில் செய்து விற்றது ஏறத்தாழ ஒரே நிறுவனம்.

அந்த நிறுவனமாகிய கிராசிம் இண்டஸ்ட்ரீஸ், தன் ஆதிக்க நிலையைத் துஷ்பிரயோகம் செய்து, நூற்பாலைகளுக்குப் பாரபட்சமான விலை வைத்ததென்றும், வாங்கிய பஞ்சை எவ்வளவு நூலாக்கினார்கள், அதில் எவ்வளவு வெளிநாடு போயிற்று என்ற விவரங்களைக் கேட்டுக் கூடுதல் நிபந்தனைகளைச் சுமத்தியதென்றும் இந்தியப் போட்டி ஆணையம் 2020 மார்ச் 16-இல் தீர்மானித்து, 301.61 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அதை ஏற்காமல் மேல்முறையீடு செய்தது. வழக்கின் சட்ட முடிவைவிட அதன் பொருளாதாரமே என் மனத்தை அதிகம் உறுத்துகிறது.

சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மலிவாக வந்த விஸ்கோஸ் பஞ்சின்மீது 2010-இல் மத்திய சர்க்கார் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது; 2016-இல் நீட்டித்தது; 2021 ஆகஸ்டில்தான் அது ஓய்ந்தது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் உற்பத்தியாளர் ஏறத்தாழ ஒருவரே என்னும்போது, அந்த ஒருவரைக் காக்கும் மதில், அவரிடம் வாங்கும் நூற்றுக்கணக்கான ஆலைகளைச் சூழ்ந்த மதிலாகவும் ஆகிவிடுகிறது. ஏற்றுமதிக்கு நூல் செய்பவர் முன்அனுமதித் திட்டத்தின் கீழ் அவ்வரியின்றியே வெளிநாட்டுப் பஞ்சைத் தருவிக்க முடிந்தது. அவருக்கு வேறு வாசல் இருந்தது, ஆகவே அவரிடம் விலை இறங்கிவந்தது. உள்ளூர்த் தறிக்கு நூல் விற்றவருக்கு அந்த வாசல் இருக்கவில்லை. யார் எந்த வகை என்று தெரிந்தால்தான் இருவருக்கும் இருவேறு விலை சொல்ல முடியும். விவரம் கேட்டதன் தாத்பரியம் இந்தக் கோணத்திலிருந்து நோக்கினால் விளங்கும். ராஜாங்கத்தின் ஒரு கை பத்தாண்டுக்கு மேலாக மதிலைக் காத்து நிற்க, இன்னொரு கை மதிலுக்குள் நிகழ்ந்ததற்காக அபராதச் சீட்டு எழுதியது. 2023-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை என்ற பெயரில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு இன்னொரு தடை எழுந்து, 2025 இறுதியில் நீங்கிற்று.

1969-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடுப்புச் சட்டம் நிறுவனத்தின் பருமனையே குற்றத்தின் அடையாளமாகக் கண்டு அஞ்சியது. ராகவன் குழுவின் ஆலோசனைக்குப் பின் பிறந்த 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பெரிதாயிருப்பது பாவமன்று, பெருமையைத் தவறாகப் பிரயோகிப்பதே பாவம் என்ற நல்ல தத்துவத்தைக் கொண்டது. ஆதிக்கத் துஷ்பிரயோகத்தைத் தடுக்கும் பிரிவு 2009 மே 20-இல்தான் அமலுக்கு வந்தது. 2023-இன் திருத்தம் பேர மதிப்பு 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவன இணைப்புகளைப் பரிசீலிக்க வழி செய்தது. அபராதத்துக்கு உலகளாவிய விற்றுமுதலையே கணக்கிடச் சொன்னது. அவசியமானவைதாம். ஆனால் அவற்றால் மதிலில் ஒரு செங்கல்லும் அசையவில்லை.

அசைக்கக்கூடிய கருவி அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவில் உறங்குகிறது. சர்க்கார் ஒரு கொள்கையை வகுக்கும்போது, போட்டிக்கு அதனால் என்ன நேரும் என்று ஆணையத்தின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம். அறுபது நாளுக்குள் ஆணையம் சொல்ல வேண்டும். சொன்னது சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. ‘கேட்கலாம்’ என்பதைக் ‘கேட்க வேண்டும்’ என்று மாற்றுவதே நான் வேண்டும் சீர்திருத்தம். உள்நாட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் செய்யும் மூலப்பொருளின்மீது தடுப்பு வரியோ தரத்தடையோ விதிக்கும்போதாவது அது கட்டாயமாக வேண்டும்.

இன்னொன்று, புகார் சொல்பவரின் நிலை. மேற்சொன்ன வழக்கில் புகார்தாரரின் பெயர் ‘எக்ஸ் ஒய் இசட்’ என்ற மூன்று எழுத்துக்குள் மறைந்திருந்தது. நாளைக்கும் அதே வாசலில் பஞ்சு வாங்க வேண்டியவர் வேறெப்படி முறையிடுவார்? அந்த அச்சம் தெளியச் சில ஆண்டுகள் ஆகும். 2023-இன் திருத்தமோ, புகாருக்கு மூன்றாண்டுக் கெடு வைத்துவிட்டது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம் என்றாலும், பயம் தக்க காரணமே என்று சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். வசூலாகும் அபராதம் முழுவதும் இந்தியாவின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. அதிக விலை கொடுத்த ஆலைக்காரர், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியே நஷ்டஈட்டு மனு போட்டாக வேண்டும். ஆணையம் குற்றம் கண்ட அதே கோப்பில் நஷ்டத்தையும் கணக்கிட்டுத் தரலாகாதா?

ஆணையத்தின் அபிப்பிராயம் டில்லிக் கோப்பில் அடங்கிவிடாமல், வரி அறிவிப்பு வெளியாகுமுன்பே தமிழில் அச்சாகிப் பள்ளிபாளையத்துத் தறிக்காரர் கைக்கு வர வேண்டும். அடுத்த மாதம் பாவு நூல் என்ன விலைக்கு வரும் என்பது அதில்தான் இருக்கிறது.