ஆள் எடுத்தால் மட்டும் போதாது: நெய்வேலிப் பணியிடங்கள் எல்லோருக்கும் ஆவது எப்படி?

நெய்வேலியில் வேலை என்று பேச்செடுத்தால், யாருக்கு வேலை என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சுரங்கம் விரிய விரிய நிலத்தையும் வீட்டையும் கொடுத்துவிட்டு வெளியேறிய குடும்பங்கள், வேலைக்காக இன்றுவரை குரல் கொடுத்து வருகின்றன. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் அந்த நிறுவனத்துக்காக வாய்க்கால் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியபோது, அந்தக் குரல் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது.

அதற்கு அடுத்த கேள்வி ஒன்றும் உண்டு. வேலை கிடைத்தவரால் அந்த இடத்தில் நிலைத்து நிற்க முடிகிறதா? சக்கர நாற்காலியில் வரும் கணக்கர், காது கேளாத வெல்டர், இரவு ஷிப்ட் பார்க்கும் பெண், திருநங்கை, விபத்தில் கையை இழந்த ஒப்பந்தத் தொழிலாளி ஆகிய இவர்களெல்லாம் மற்றவர்களோடு சமமாக வேலை பார்க்கிற மாதிரி நம் பணியிடங்கள் இருக்கின்றனவா? சட்டங்கள் இதைப் பற்றி நிறையவே சொல்கின்றன. சிறு முதலாளியின் கைக்கு அவை வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

நெய்வேலியின் முதலாளிகள் யார்?

இன்று என்.எல்.சி. இந்தியா என்று அழைக்கப்படும் அந்தப் பெரிய சுரங்க நிறுவனத்தின் நிழலில் மற்றவர்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர்கள் இருக்கிறார்கள். மந்தாரக்குப்பத்திலும் இந்திரா நகரிலும் பட்டறை, மெக்கானிக் ஷெட், ஓட்டல், ஜவுளிக்கடை நடத்துபவர்கள் இருக்கிறார்கள். தனியார் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் பண்ருட்டியில் முந்திரித் தொழில், வடலூரிலும் விருத்தாசலத்திலும் பீங்கான் தொழில். சுற்றுவட்டாரத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் சம்பளம் தருபவர்களில் இவர்களின் பங்கு பெரிது.

பண்ருட்டி முந்திரித் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை உடைப்பதும் பருப்பின் தோலை உரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கருத்துப்போகும். அதைத் தடுக்க விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு வேலை பார்க்கும் வழக்கம் உண்டு. கையுறை போட்டால் விரல் ஓடாது, கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு அன்றைய வருமானம் குறையும். தலைகளை எண்ணினால் பெண்கள் நிறைந்த தொழில்தான். ஆனால் வேலை நடக்கும் விதம், கூலி கணக்கிடும் முறை, உட்காரும் இடம் எதுவும் அவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்படவில்லை. ஆள் எடுப்பது வேறு, இடத்தை ஆளுக்கு ஏற்றதாக்குவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சட்டம் யாரிடம் என்ன கேட்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த அரசு வேலை ஒதுக்கீட்டை இது 4 சதவீதமாக்கியது. 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தும். அரசு நிறுவனம் என்பதில் என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் அடக்கம்.

தனியாருக்கு ஒதுக்கீடு இல்லை. அதற்காக அவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. இச்சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் தனியார் நிறுவனமாக இருந்தால், எந்தெந்தப் பணிக்கு மாற்றுத்திறனாளிகளை எடுக்கலாம், எப்படித் தேர்வு செய்வோம், என்ன வசதி தருவோம், இதற்குப் பொறுப்பான அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில், 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அமைக்கத் தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 10 பேருக்குக் குறைவான கடையில் வேலை பார்க்கும் பெண், மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். 50 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம். திருநங்கை, திருநம்பி என்பதற்காக யாருக்கும் வேலையை மறுக்கவோ பதவி உயர்வைத் தடுக்கவோ கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. நெய்வேலி கடைத்தெருவில் ஒரு நாற்காலி போடுவதற்குக்கூட இன்று சட்டத்தின் துணை இருக்கிறது.

சைரனோடு ஒரு விளக்கு

ஒருவரின் உடல்நிலைக்கு ஏற்ப வேலை முறையிலோ கருவியிலோ நேரத்திலோ செய்து தரும் சின்ன மாற்றமே, சட்டம் சொல்லும் நியாயமான ஏற்பாடு. அரசு நிறுவனங்களுக்கு இது கட்டாயம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தேர்வு எழுத உதவியாளர் கேட்பவருக்கு 40 சதவீதக் குறைபாடு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்றது. இப்படிப்பட்ட ஏற்பாடு சமத்துவத்தின் ஒரு பகுதி, சலுகை அல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

நெய்வேலிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கான்வேயரை வைத்தே இதைப் பார்க்கலாம். பெல்ட் ஓடத் தொடங்கும் முன் எச்சரிக்கை ஒலி எழும். அருகில் நிற்பவர் உடனே விலகிவிட வேண்டும். காது கேளாத ஒருவரை அங்கே வேலைக்குப் போடச் சொன்னால், ஆபத்து, வேண்டாம் என்றுதான் எந்த சூப்பர்வைசரும் சொல்வார். அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒலியோடு சேர்ந்து எரிந்து அணையும் ஒரு விளக்கை மாட்டிவிட்டால், ஆபத்துக்கான காரணத்தில் பெரும்பகுதி போய்விடும். இரைச்சலுக்காகக் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் மற்றவர்களுக்கும் அந்த விளக்கு பாதுகாப்புதான். ஒருவருக்காகச் செய்தது அத்தனை பேருக்கும் பயன்படும்.

பட்டறைக்கும் கடைக்கும் இதே கணக்குதான். வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம், கழிப்பறையில் ஒரு கைப்பிடி, வாய்மொழியாகச் சொல்லும் வேலையை எழுதியோ படம் போட்டோ காட்டுவது, மேசையின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றுவது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, வேலை தெரிந்த ஆள் விட்டுப்போன பிறகு புது ஆளைத் தேடிப் பழக்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

சுரங்கமும் இரவு ஷிப்டும்

நெய்வேலி சுரங்கங்கள் திறந்தவெளிச் சுரங்கங்கள். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை செய்வதைத் தடை செய்தது. தரைக்கு மேலே காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே அனுமதித்தது. ஷிப்ட் முறையில் ஓடும் தொழிலில் இரவு வேலைக்குத் தடை என்றால், பெண்களை எடுக்க வேண்டாம் என்று சொல்லாமல் சொல்வதுதான்.

2019 ஜனவரியில் மத்திய அரசு அந்தக் கதவைத் திறந்தது. திறந்தவெளிச் சுரங்கத்தில் பெண்கள் இரவு ஷிப்ட் பார்க்கலாம். அவர்களின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், ஒரு ஷிப்டில் குறைந்தது மூன்று பேராவது சேர்ந்து இருக்க வேண்டும், பாதுகாப்பும் வசதிகளும் செய்து தர வேண்டும் என்பவை நிபந்தனைகள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, எல்லா வகை வேலைகளிலும் பெண்களை அமர்த்தலாம் என்கிறது. இரவு வேலைக்குச் சம்மதம் கட்டாயம்.

அனுமதி வந்துவிட்டது. அடுத்து வேண்டியது ஏற்பாடு. திறந்தவெளிச் சுரங்கத்தில் வெட்டுமுகம் நகர்ந்துகொண்டே போகும். இன்று பக்கத்தில் கட்டிய கழிப்பறை நாளைக்குத் தொலைவில் கிடக்கும். அதனால் கழிப்பறையும் ஓய்வறையும் வேலையோடு சேர்ந்து நகரக்கூடியவையாக இருக்க வேண்டும். இது முடியாத காரியமல்ல. ஜார்க்கண்டில் நோவாமுண்டி இரும்புத்தாதுச் சுரங்கத்தில் 2019 முதல் எல்லா ஷிப்ட்களிலும் பெண்களை டாடா ஸ்டீல் அமர்த்தியது. 2021 இறுதியில் தன் மேற்கு பொகாரோ சுரங்கத்தில் கனரக இயந்திரங்களை இயக்கத் திருநர் சமூகத்தினரை எடுத்தது. ராட்சத இயந்திரங்களை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டிப் பழகிய நெய்வேலிக்கு, அந்தப் பயிற்சியை இன்னும் பலருக்குத் தருவது எட்டாத வேலை இல்லை.

காண்டிராக்ட் ஆள் எந்தக் கணக்கில்?

நெய்வேலியில் பெர்மனென்ட், காண்டிராக்ட் என்ற பிரிவு ஊருக்கே தெரிந்தது. இன்கோசர்வ், ஹவுசிகாஸ் என்ற சொசைட்டிகளின் வழியாகவும் காண்டிராக்டர்களின் வழியாகவும் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது உயிரிழந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகிவிடும் ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. இந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனத்தின் ஊழியருக்கு உண்டு. அதே இடத்தில், அதே இயந்திரத்தில் கையை இழக்கும் காண்டிராக்ட் ஆளுக்குப் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. உதவித்தொகையோ இழப்பீடோதான் மிஞ்சும், வேலை மிஞ்சுவதில்லை. சட்டத்தில் இது பெரிய ஓட்டை.

அதை அடைக்க, வேலையைக் காண்டிராக்டுக்கு விடும் முதன்மை நிறுவனம் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களின் நலவசதிகளுக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு என்று புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஏற்கெனவே சொல்கிறது. காயம்பட்ட தொழிலாளிக்கு மாற்றுப் பணி, புகார்க் குழு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, மாற்றுத்திறனாளிகளுக்கு இத்தனை இடம் என்பவற்றை டெண்டர் நிபந்தனையாகவே எழுதலாம். டெண்டரில் எழுதியதைக் காண்டிராக்டர் செய்வார். எழுதாததை அவருடைய நல்ல மனத்துக்கு விட்டுவிட முடியாது.

பஸ்ஸும் வீடும்

பணியிடம் வாசலோடு முடிந்துவிடுவதில்லை. 2017இல் கொச்சி மெட்ரோ திருநங்கைகளைப் பணியில் சேர்த்தது நாடு முழுக்கப் பாராட்டப்பட்டது. சில நாட்களிலேயே சிலர் விலகினார்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க ஆள் இல்லாததே காரணம். வேலை கொடுத்த நிறுவனம் ஒரு அறைக்கும் வழி செய்திருந்தால் அவர்கள் நிலைத்திருப்பார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. குடியிருப்பு கையில் உள்ள நிறுவனத்துக்கு இந்தத் தடையைத் தாண்டுவது எளிது. டவுன்ஷிப்புக்கு வெளியே உள்ள முதலாளிக்கு அந்த வசதி இல்லை. ஆனால் தன் பெயரில் வீடு பேசித் தருவது அவரால் முடியும்.

பஸ்ஸிலும் ஒரு விஷயம் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் கடை அடைக்கும் நேரத்திலும் ஷிப்ட் முடியும் நேரத்திலும் பஸ் கிடைத்தால்தான் அது உதவும். கடைசி பஸ்ஸின் நேரத்தைப் பார்த்து வேலை நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தினால், கடைக்கு நஷ்டம் அதிகமில்லை. அங்கே வேலை பார்க்கும் பெண் வேலையை விடாமல் இருக்க அது போதும்.

உதவி எங்கே கிடைக்கும்?

மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்க ஆசைதான், ஆளை எங்கே தேடுவது என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். ஆளுக்குப் பஞ்சமில்லை, இணைப்புதான் இல்லை. கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் சொல்லி வைக்கலாம். அரசு நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களிலும் இணையதளத்திலும் காலியிடத்தைப் பதியலாம். கால் பாதிக்கப்பட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் கிடைக்க அரசுத் திட்டம் உண்டு. விண்ணப்பிக்க முதலாளி ஒரு சான்றிதழ் கொடுத்து உதவலாம். இ.எஸ்.ஐ.யில் சேர மாதச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய்.

சிறப்புக் குழந்தைகளுக்கான சிநேகா பள்ளி நெய்வேலியிலேயே நடக்கிறது. இப்படிப்பட்ட பள்ளிகளில் வளரும் பிள்ளைக்கு 18 வயது நிரம்பிய பிறகு எங்கே போவது என்பது பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும் கவலை. பேக்கரியில் பெட்டி மடிப்பது, மருந்துக்கடையில் அடுக்குவது, அலுவலகத்தில் கோப்பு பிரிப்பது என்று ஒரு பெரிய வேலையிலிருந்து ஒரு துண்டைப் பிரித்து, படிப்படியாகப் படம் போட்டுக் காட்டினால் அவர்களில் பலரால் செய்ய முடியும். அந்தப் பிள்ளைகளைப் பழக்கும் வித்தை ஆசிரியர்களுக்குத் தெரியும். முதலாளி தன் கடைக்கு அவர்களை ஒரு நாள் வரவழைத்துக் கேட்டாலே வழி பிறக்கும்.

இத்தனையையும் சிறு முதலாளிகள் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. கொள்கை எழுதுவதற்கு ஒரு மாதிரிப் படிவம், சைகை மொழி தெரிந்த ஓர் ஆள், புகார்க் குழுவுக்கு வெளி உறுப்பினர், கட்டட அமைப்பைப் பார்த்துச் சொல்ல ஒரு பொறியாளர் என்று எல்லாவற்றையும் பத்துக் கடைகள், பத்துப் பட்டறைகள் சேர்ந்து பகிர்ந்துகொள்ளலாம். வணிகர் சங்கம் முன்கை எடுக்கட்டும், மாவட்ட நிர்வாகம் துணைக்கு வரட்டும். பயிற்சி மையமும் மருத்துவமனையும் பொறியாளர்களும் கையில் வைத்திருக்கும் என்.எல்.சி., தன் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கட்டும். நெய்வேலியின் மண்ணிலிருந்து எடுக்கும் கரி பல மாநிலங்களுக்கு மின்சாரமாகப் போகிறது. அந்த மண்ணைக் கொடுத்த மக்களின் பிள்ளைகள், எந்த உடலோடும் எந்தப் பாலினத்தோடும் பிறந்திருந்தாலும், இங்கேயே தலைநிமிர்ந்து சம்பாதிக்க வழி செய்வது இந்த ஊரின் முதலாளிகள் தீர்க்க வேண்டிய கடன்.