கத்திரி வெயிலில் போகும் உயிருக்கு உரிமை உண்டு

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களுக்கு வெயில் தலைக்கு மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளைப் பாத்தியில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. செங்கல் சூளையிலும் சாலைப் பணியிலும் இதே பாடுதான். அங்கே ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தால், ‘மாரடைப்பு’ என்று ஊர் சொல்லிவிடும். மருத்துவமனைக் காகிதத்திலும் அதுவே ஏறிவிட்டால், குடும்பத்துக்குச் சேர வேண்டிய உதவி கைநழுவிப் போகலாம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று சான்று வேண்டும். வெப்பத் தாக்கு உடலில் தனி அடையாளம் விட்டுச்செல்வது அரிது. எனவே எந்த நேரத்தில், எங்கே, என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை உடன் வேலை பார்த்தவர்கள் மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யவைக்க வேண்டும். உடல் வெப்பநிலையையும் குறிக்கச் சொல்ல வேண்டும். வேலையிடத்திலேயே உயிர் போயிருந்தால், அவசரமாக அடக்கம் செய்துவிடாமல் காவல் நிலையத்தில் தகவல் தந்து பிரேதப் பரிசோதனை கேட்பது அவசியம். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு.

உயிரோடிருக்கும்போது செய்ய வேண்டியது இன்னும் அவசரம். பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் வெப்பத் தாக்கு என்றே எண்ண வேண்டும். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கடும் உழைப்பில் இருப்பவருக்கு வியர்த்துக்கொண்டேகூட இது வரும். 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது.

சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி எட்டினால்தான் வானிலைத் துறை வெப்ப அலையைக் கணக்கில் எடுக்கும். வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்றும் பார்க்கும். ஆனால் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடல் குளிராது. அதனால் அளவு குறைவாக இருந்தாலும் ஆபத்து உண்டு.

கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குவதைத் தடுத்து ஆணையிடுகிறது. இங்கும் அந்த மூன்று மணி நேரத்தைத் தொழிற்சங்கங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டும். விடியலில் தொடங்கி உச்சிக்கு முன் நிறுத்துவதை மேஸ்திரியிடம் இன்றைக்கே பேசலாம். கூலியில் கைவைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே.