நூல் பிடித்த பெல்ட்

பழைய ஜீப்பும் நானும் – 9

போன வாரம் பெயின்ட் வேலையோடு நிறுத்தியிருந்தேன். ஜீப் பச்சைப் பசேலென்று நின்றது. தெருவில் போகிறவர்கள் கைவைத்துத் தடவிவிட்டுப் போனார்கள். இந்த வாரம் சொல்லப்போவது பானட்டைத் தூக்கினால் மட்டுமே கண்ணில் படும் ஒரு ரப்பர் வளையத்தைப் பற்றி. ஃபேன் பெல்ட்.

செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறிக்கொண்டிருந்தோம். முதலில் கீச்சென்று ஒரு சத்தம். அடுத்து சார்ஜ் விளக்கு மங்கலாகச் சிவந்தது. வளைவு முடிவதற்குள் சூடு காட்டும் முள் மேல் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து பானட்டைத் திறந்தேன். தண்ணீர் பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. பம்புக்குள் சீல் கெட்டால் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே வரும். அங்கிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். ஆடியது. பேரிங் போய்விட்டது.

அதைக் கெடுத்தது நான்தான். அதற்கு முந்தைய பத்து நாளில் மூன்று முறை பெல்ட் கத்தியது. மூன்று முறையும் இறுக்கினேன். கத்தினால் வழுக்குகிறது, வழுக்கினால் இறுக்கு. பல பேர் இப்படித்தான் செய்கிறோம். அந்த இறுக்கம் முழுவதையும் தாங்குவது பம்பின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும். பெல்ட் தேய்ந்தால் சில நூறு ரூபாயோடு போகும். பம்பு போனால் நடுமலையில் எஞ்சினே போகக்கூடும்.

மினி லாரியில் ஏற்றி மடவார் வளாகத்துக்குக் கொண்டுவந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பாதையில் வைத்தியநாதசுவாமி கோயிலை ஒட்டிய பகுதி இது. திருமலை நாயக்கரின் தீராத வயிற்றுவலி இந்தச் சன்னதியில் தீர்ந்தது என்பது ஊர் வழக்கு. எங்கள் பட்டறை இங்கேதான், ஒரு வேப்பமரமும் நாலு தகரமும். மேற்கே பார்த்தால் மலை முழுசாகத் தெரியும். அந்த மலையடிவாரத்து மாந்தோப்புகளில்தான் இந்த ஜீப் தன் காலத்தைக் கழித்திருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இது மகிந்திராவின் சிஜே-3பி. 1945இல் தொடங்கிய அந்த நிறுவனம் நாற்பதுகளின் கடைசியில் பம்பாய் மசகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. 3பி, வில்லிஸ் 1953இல் கொண்டுவந்த மாடல். உள்ளிழுக்கும் வால்வைத் தலைப்பகுதிக்குத் தூக்கி வைத்த ஹரிக்கேன் எஞ்சின் பழையதைவிட உயரம். அதை அடக்கத்தான் பானட்டை அவ்வளவு தூக்கினார்கள். அமெரிக்காவில் அது நின்ற பிறகும் இங்கே வெகுகாலம் செய்துகொண்டிருந்தார்கள். நம் ஊரில் ஜீப் என்றதும் மனதில் வரும் உருவம் இதுதான்.

இந்த எஞ்சினில் ஒரே ஒரு பெல்ட்தான், மூன்று புல்லி. கீழே கிராங்க், மேலே தண்ணீர் பம்பும் ஃபேனும், பக்கத்தில் டைனமோ. தண்ணீர் ஓடுவதும் காற்று வீசுவதும் பேட்டரி ஏறுவதும் இந்த ஒற்றை வளையத்தால்தான். என் ஜீப்பில் டைனமோ இல்லை. முன்பு வைத்திருந்த யாரோ அதைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்தார்கள். விளக்கு நன்றாக எரியும், நல்ல மாற்றம்தான். ஆனால் கோளாறு அந்த மாற்றத்துக்குள்ளேயே இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் மெக்கானிக் இல்லை.

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் முப்பது வருடத்துக்கும் மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மில் தெரியும். மில் தெரிந்தால் பெல்ட் தெரியும். சாயங்காலம் டீ குடிக்கப் பட்டறைக்கு வருவார். அன்றைக்கு வந்தவர் டீயைத் தள்ளிவைத்துவிட்டு, ஆல்டர்னேட்டர் புல்லிக்குப் பக்கத்தில் சுட்டுவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். விரல் மைபோலக் கறுத்தது.

"சத்தம் கேக்குதுன்னு இறுக்கினீகளா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி, மூணு தடவை."

"பெல்ட்டு பொடியா உதிர்ந்துட்டு இருக்கு. இறுக்கமா இருந்தா உதிராது, கோணலா ஓடுனா உதிரும். கழத்துங்க."

கழற்றிய பெல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கிராங்க் புல்லியின் பள்ளத்தைக் காட்டினார். பள்ளத்தின் அடிப்பாகம் பித்தளைச் சொம்புபோல மின்னியது. பக்கச் சுவர்கள் மங்கலாக இருந்தன. அது தலைகீழ். வி-பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. அதன் பிடி முழுவதும் இரண்டு பக்கச் சுவர்களில். பெல்ட்டின் சரிவு 40 டிகிரி, பள்ளத்தின் கோணம் அதைவிடக் கொஞ்சம் குறுகல், 34லிருந்து 38 வரை. இழுக்க இழுக்க ஆப்பு இறங்குவதுபோலச் சுவருக்குள் நெருங்கும். அதனால்தான் அதிகம் இறுக்காமலே வலுவாகப் பிடிக்கிறது. அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் ஆப்பு இல்லை, வழுக்கல்தான். எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

ஏன் அடியில் உட்கார்ந்தது? அகலம் பத்தவில்லை. ஆல்டர்னேட்டரோடு வந்த புல்லி சிறிய பள்ளம் உள்ளது. அதற்கேற்ப 13 மில்லிமீட்டர் பெல்ட் போட்டிருக்கிறார்கள். கிராங்க் புல்லி கேட்பதோ 17. மில்லில் முதலாவதற்கு ஏ என்றும் இரண்டாவதற்கு பி என்றும் பெயர். பி பெல்ட் போட வேண்டிய இடத்தில் ஏ பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

ரப்பரையும் நூலையும் சேர்த்து வி-பெல்ட்டை 1917இல் செய்தவர் அமெரிக்காவின் டென்வரில் இருந்த ஜான் கேட்ஸ். அதற்குமுன் தோல் பட்டைகள்தான். பழைய ஆலைகளில் கூரைக்குக் கீழே நீளமாக ஒரு தண்டு சுழலும், அதிலிருந்து பட்டைகள் தொங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் ஓட்டும். 1958இல் ஹாலந்தின் டாஃப் காரில் கியர்பாக்ஸுக்குப் பதிலாகவே பெல்ட் வந்தது. இன்று நம் வீட்டு ஸ்கூட்டர்களில் ஓடுவதும், காட்டுவழி ஓட்டும் நாலுசக்கர ஏடிவிகள் பலவற்றில் ஓடுவதும் அந்த யோசனைதான். இவ்வளவுக்கும் நமக்குப் பெல்ட் எங்கோ வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை. மதுரை கோச்சடையில் ஃபென்னர் ஆலை இருக்கிறது, இங்கிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர்.

அகலப் புல்லி ஒன்றை லேத்தில் கடைந்து ஆல்டர்னேட்டரில் ஏற்றினோம். பி பெல்ட் வாங்கி மாட்டினோம். அதோடு முடிந்தது என்று ரேடியேட்டரை ஏற்றப் போனேன். அண்ணாச்சி விடவில்லை.

"நூல் இருக்கா?"

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். கோன் ஒன்று கிடந்தது, அதிலிருந்து இரண்டு முழம் பிய்த்துக் கொடுத்தேன். பம்பு மாற்றுவதற்காக ரேடியேட்டரும் ஃபேனும் இறங்கியிருந்ததால் நூலுக்குத் தடை இல்லை. ஒரு நுனியைப் பட்டறைத் தம்பி கிராங்க் புல்லியின் கன்னத்தில் அழுத்திப் பிடித்தார். அண்ணாச்சி மறுநுனியை ஆல்டர்னேட்டர் புல்லியின் கன்னத்துக்குக் கொண்டுபோய் இழுத்தார். நூல் நாலு இடத்தில் தொட வேண்டும், ஒவ்வொரு புல்லியிலும் இரண்டு ஓரம். எங்கள் நூல் கீழ்ப் புல்லியில் இரண்டையும் தொட்டது. மேலே எந்த ஓரத்தையும் தொடவே இல்லை, அங்கே ஒரு இடைவெளி. ஸ்கேல் வைத்தார். ஐந்து மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது.

டைனமோ நீள உருளை, ஆல்டர்னேட்டர் குட்டையானது. யாரோ இரும்புப் பட்டையை வளைத்துச் செய்த பிராக்கெட் அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. அத்தனை நாளும் பெல்ட் பக்கவாட்டில் உரசி உரசி ஓடியிருக்கிறது.

பட்டறைத் தம்பி ஐந்து வாஷரை எடுத்து அடுக்கப் போனார். அண்ணாச்சி கையைத் தட்டிவிட்டார். வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும், போல்ட் வளையும், ஒரு மாதத்தில் மறுபடி கோணும் என்றார். திரும்பவும் லேத். ஒரே துண்டாக ஐந்து மில்லிமீட்டர் புஷ். அதைப் போட்டு இறுக்கியபின் நூல் நாலு இடத்திலும் தொட்டது. நூல் பிடித்தாற்போல் என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பிறகு இறுக்கம். மேல் பிராக்கெட்டில் வளைந்த காடி இருக்கிறது. அதன் போல்ட்டைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை வெளியே நெம்பி, நெம்பிய நிலையிலேயே போல்ட்டை முடுக்க வேண்டும். நெம்புகோலை அலுமினிய உடம்பின் நடுவில் முட்டுக்கொடுத்தால் உடம்பு விரிசல் விடும், முன்பக்கக் காதுக்கு அருகில் கொடுக்க வேண்டும். நான் பலங்கொண்டு நெம்பினேன். "மெதுவா" என்றார். நீளமான பக்கத்தின் நடுவில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொன்னார். முக்கால் அங்குலம் தாழ்ந்தது. கொஞ்சம் நெம்பினோம். அரை அங்குலத்துக்குச் சற்றுமேல் தாழ்ந்ததும் முடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அது தொளதொளவென்று பட்டது. முந்தைய மூன்று முறையும் நான் வைத்திருந்தது கால் அங்குலம்கூடத் தாழாத இறுக்கம்.

ரேடியேட்டர் ஏற்றி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்தோம். ஹெட்லைட் எல்லாம் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சத்தம் இல்லை. அரைமணி ஓடவிட்டு அணைத்து மறுபடி கட்டைவிரல் வைத்தார். புது பெல்ட் பள்ளத்தில் படிந்து உட்காரும்போது தளரும், முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை சரிபார்க்காவிட்டால் செய்த வேலை வீண் என்றார். உண்மையிலேயே கொஞ்சம் தளர்ந்திருந்தது. காடியின் ஓரத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டு, அதிலிருந்து ஒரு நூலளவு நகர்த்தி முடுக்கினார்.

அடுத்த ஞாயிறு மூன்று பேருமாகத் தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை போனோம். அதே எஸ் வளைவு, அதே இரண்டாவது கியர். முன்னால் ஒரு லாரி முக்கி முக்கி ஏறியதால் நாங்களும் ஊர்ந்தோம். முள் பாதியைத் தாண்டவில்லை. ஆரியங்காவு போய் டீக்கடையில் நிறுத்தினோம். அண்ணாச்சி டீ சொல்வதற்கு முன்னால் பானட்டைத் தூக்கச் சொன்னார். ஆல்டர்னேட்டர் புல்லிக்குப் பக்கத்தில் சுட்டுவிரலால் ஒரு இழுப்பு. திருப்பி என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

விரலில் கரி இல்லை.

(தொடரும்)